ஐயர் மரத்து இலை

கீழுதட்டில் ஒரு இலைத்துண்டை ஒட்ட வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்காலி எதுவும் மிஞ்சவில்லை. கவிழ்த்துப் போட்ட ஒரு அண்டாவின் மேல் என்னை உட்கார வைத்திருந்தார்கள். எதிரே அறுபது எழுபது பேர். அத்தனை பேரும் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியவள் நான். எந்த வகுப்பிலும் என்னை யாரும் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

நாங்கள் இருந்தது மாடி. கீழ்த்தளத்தின் ஜன்னல்களை மூழ்கடித்துக்கொண்டு தாமிரபரணி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கதவு மிதந்து போனது. அதன் பின்னால் யார் வீட்டுத் தொட்டிலோ போனது. சேறும் டீசலும் கலந்த ஒரு வாடை மூக்கை விட்டுப் போகவே இல்லை.

"எரியுதா டீச்சர்?" என்று கேட்டார் தங்கராஜ் அண்ணாச்சி.

உதட்டில் இலை இருக்கும்போது பேசக் கூடாது. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்பம்னா அடுப்பப் பத்த வச்சிரலாமா?"

அதற்கும் இல்லை என்று தலையை ஆட்டினேன். கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். பின்வரிசையில் ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது.

கொஞ்சம் பெருமை

போன வாரம் நான் பணி ஓய்வு பெற்ற நாளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, வண்ணார்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள்.

"சால்வை போட்டது, மாலை போட்டதெல்லாம் எழுதுதிய. வெள்ளத்துல எலைய உதட்டுல ஒட்டிக்கிட்டு இருந்தியளே, அத எப்பம் எழுதுவிய?" என்றாள். அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. எங்கள் ஜில்லாவில் ஒரு செய்தி போய்ச் சேருவதற்கு பஸ் வேண்டியதில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெருமை பேசுவது எங்கள் வேதத்தில் நல்ல காரியம் இல்லை. ஞாயிறுதோறும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான் நான். ஆனாலும் இந்த ஒரு வாரம் ஆண்டவர் பொறுத்துக்கொள்ளட்டும். பெருமைப்படாமல் என்னால் இதைச் சொல்ல முடியாது.

பலகாரம் சுடப் போன இடத்தில்

கிறிஸ்துமஸுக்குச் சில நாட்களே இருந்தன. ஏரலுக்குக் கொஞ்சம் கிழக்கே, ஆற்றங்கரையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது என் தம்பியின் ஊர். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த முறை போகும்போது, யார் பெயர் வந்தது, யார் பெயர் வரவில்லை என்று பஞ்சாயத்து வைப்பார்கள்.

தம்பிக்குத் தூத்துக்குடியில் வேலை. அவன் மனைவி கிரேஸ்தான் என்னைப் பாளையங்கோட்டையிலிருந்து வரச் சொன்னாள். "மதினி, நீங்க வந்தாத்தான் முந்திரிக்கொத்து உருண்டை ஒடையாம வரும்" என்று ஐஸ் வைத்தாள். முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. வறுத்த பாசிப்பயறும் கருப்பட்டிப் பாகும்தான். பாகின் பதம் தப்பினால் உருண்டை உதிர்ந்துவிடும். என் கையில் பதம் தப்பாது. பெருமை ஆரம்பித்துவிட்டது பாருங்கள்.

பலகாரம் சுட்டு டப்பாக்களில் அடைத்து முடித்த அன்றுதான் மழை பிடித்தது. இரவும் பகலும் விடவில்லை. மேலே ஏதோ குளம் உடைந்துவிட்டது என்றார்கள். ஆறு ஊருக்குள் திரும்பிவிட்டது என்றார்கள். கிரேஸ் ஒரு கையில் மாமியாரின் போட்டோவும் மறுகையில் பலகார டப்பாவுமாகப் படியிறங்கியபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது.

ஊரில் பெரிய மாடிக் கட்டடம் என்றால், கோயிலை ஒட்டிய பழைய மிஷன் பள்ளிக்கூடம்தான். நாங்கள் கோயில் என்று சொல்வது தேவாலயத்தை. கோயில் தெருக்காரர்கள், அம்மன் கோயில் தெருக்காரர்கள், வாழைத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிற கீழக்காட்டுக் குடும்பங்கள் எல்லோரும் அந்த மாடிக்குத்தான் வந்தோம். வயதானவர்களை இளவட்டங்கள் கயிறு கட்டி அழைத்து வந்தார்கள். கீழறையில் அரிசி மூட்டைகள் இருந்தன. ஆளைத் தூக்குவதா மூட்டையைத் தூக்குவதா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. மூட்டைகள் போயின. மாடியில் ஒரு காஸ் சிலிண்டர், அடுப்பு, கொஞ்சம் உப்பும் மிளகாய் வற்றலும், பெரிய பெரிய அண்டாக்களும் இருந்தன.

அண்டாக்கள் ஏன் மாடியில் இருந்தன என்று சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை ஊரே கோயில் வளவில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்கு எங்கள் பக்கம் அசனம் என்று பெயர். ஏழை, பணக்காரன், அந்த மதம், இந்த மதம் என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த ஊர் அசனத்துக்குச் சமையல் தலைவர் தங்கராஜ் அண்ணாச்சி. ஆறடி உயரம், வெண்கலக் குரல். அசனக் குழம்பு கொதிக்கும்போது முதல் கரண்டியை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "சரி" என்று அவர் சொன்னால்தான் பந்தி. அவர் சொல்லும்வரை பிஷப்பே வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

முதல் நாள் எல்லாருடைய கிறிஸ்துமஸ் டப்பாக்களும் திறந்தன. முறுக்கும் அதிரசமும் முந்திரிக்கொத்தும் தின்றுவிட்டு, மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்துக் காய்ச்சிக் குடித்தோம். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டமாகக்கூட இருந்தது. மறுநாள் விடிந்தபோது ஒரே ஒரு டப்பாவில் அடியில் கொஞ்சம் இருந்தது. அதை யாரும் யாரிடமும் கேட்காமல் முத்துலட்சுமியிடம் கொடுத்தார்கள்.

முத்துலட்சுமி கீழக்காட்டுப் பெண். புருஷன் கேரளாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அவள் மடியில் பிறந்து இரண்டு மூன்று மாதமான ஆண் குழந்தை. நான் சொன்னேனே, பின்வரிசையில் அழுத குழந்தை, அது அவளுடையதுதான். முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே பால் சரியாக இறங்கவில்லை என்று கிரேஸிடம் சொல்லியிருக்கிறாள்.

போன் எதுவும் வேலை செய்யவில்லை. யார் வருவார்கள், எப்போது வருவார்கள் என்று தெரியாது.

ஐயர் வைத்த மரம்

மாடி வராந்தாவின் கம்பிகளுக்கு உள்ளேயே கிளையை நீட்டிக்கொண்டு ஒரு மரம் நின்றது. ஊரில் இருந்த முருங்கைகள் எல்லாம் முதல் காற்றிலேயே முறிந்துவிட்டன. அகத்தி போய்விட்டது. புளியமரம் தண்ணீருக்கு அந்தப் பக்கம். கைக்கு எட்டியது இந்த ஒரு மரம்தான்.

அதற்கு ஐயர் மரம் என்று பெயர். எங்கள் பக்கத்தில் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். நாலைந்து ஐயர்களுக்கு முன்னால் அந்த ஊரில் இருந்த ஒருவர், எங்கிருந்தோ ஒரு கன்றைக் கொண்டுவந்து நட்டுவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். கன்று மரமானது. என்ன மரம் என்று யாருக்கும் தெரியாது. அகலமாக, வழுவழுவென்று, இளம்பச்சையாக இலை. பார்த்தால் கீரை என்றே சொல்லத் தோன்றும்.

"பறிச்சு அவிச்சிருவோம்" என்றார் தங்கராஜ் அண்ணாச்சி. இளவட்டங்கள் கிளையை வளைத்துவிட்டார்கள்.

"என்ன மரம்னு தெரியாம ஒரு எலையும் வாயில போடக் கூடாது" என்றேன் நான்.

"காணிக்கையா வார ஆட்டையெல்லாம் இதுலதான கெட்டுதோம் டீச்சர். வருஷா வருஷம் தின்னுட்டு நல்லாத்தான் நிக்கி."

"ஆட்டு வயிறு வேற, நம்ம வயிறு வேற அண்ணாச்சி. ஆடு எருக்கலையக்கூடக் கடிக்கும். நீங்க கடிப்பியளா?"

அந்த ஆட்டில் ஒன்றையாவது மாடிக்கு ஏற்றியிருந்தால் இலையைப் பற்றிய பேச்சே வந்திருக்காது. அது வேறு விஷயம்.

ஆட்டைப் பற்றி நான் சொன்னதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அடுத்ததாக வேறொரு வாதம் வந்தது. ஒரு அம்மா சொன்னார்: "இது ஐயரு வச்ச மரம்லா. கோயில் வளவுக்குள்ள விஷத்தையா நட்டுட்டுப் போவாவ?"

கூட்டம் முழுக்கத் தலையை ஆட்டியது. அம்மன் கோயில் தெருக்காரர்களும் சேர்ந்து ஆட்டினார்கள். கோயில் தெருக்காரர்கள் ஐயர் கையால் ஞானஸ்நானம் வாங்கியவர்கள், ஐயர் கையால் தாலி வாங்கியவர்கள். அவர் கை நட்டதும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைப்பது அவர்களுக்கு இயல்பு. எங்கள் சனத்தைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு நம்பிக்கை தோன்றியிருக்காது.

"ஐயருக்கு வேதம் தெரியும். மரம் தெரியுமான்னு நமக்குத் தெரியாதுல்லா" என்றேன். சொன்ன பிறகு, ஆண்டவரையே குறை சொல்லிவிட்டது மாதிரி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பாபநாசத்தில் வீங்கிய உதடு

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. நான் கல்லூரியில் படித்தபோது தாவரங்கள் சேகரிக்க எங்களைப் பாபநாசம் மலைக்கு அழைத்துப் போனார்கள். என் தோழி ஒருத்திக்கு வீராப்பு அதிகம். மாதுளங்கொழுந்து மாதிரி இருந்த ஏதோ ஒரு கொழுந்தைப் பறித்து, "புளிப்பா இருக்குட்டி" என்று மென்று காட்டினாள். பஸ் அம்பாசமுத்திரம் வருவதற்குள் அவள் உதடு இரண்டும் வடை கணக்காக வீங்கிவிட்டன. சாயங்காலம் விடுதியில் அவளைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் பேசாமல் திரும்பிப் போய்விட்டார்கள். அதில் அவளுக்குச் சந்தோஷம்தான், அந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு அதிலிருந்து ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. காட்டில் வழி தவறியவர்கள் வேறு கதியே இல்லாதபோது ஒரு இலையை எப்படிச் சோதிப்பார்கள் என்பதைத் தேடித் தேடிப் படித்தேன். கசக்கி முகர வேண்டும். பால் வடிந்தால் தூர எறிய வேண்டும். முழங்கையின் உட்பக்கம் தேய்த்துக் காத்திருக்க வேண்டும். பிறகு உதடு, பிறகு நாக்கின் நுனி, பிறகு மென்று துப்புவது, கடைசியாக அவித்ததில் ஒரு சிட்டிகை விழுங்குவது. ஒவ்வொன்றுக்கும் நடுவே காத்திருக்க வேண்டும். நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். சோதனை என்பது உண்மையில் காத்திருப்பதுதான்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். சில விஷங்கள் இந்தச் சோதனைக்குள் அகப்படாமல் மெல்ல வேலை செய்யும். ஒன்றிரண்டு நாள் பட்டினியில் திடமானவர்கள் சாவதில்லை, தப்பான ஒரு இலையில் செத்துவிடலாம். வகுப்பில் இதைத்தான் சொல்வேன். மாடியிலும் இதைத்தான் சொன்னேன். பட்டினி கிடப்போம் என்றேன்.

"பெரியவங்க கெடக்கலாம் டீச்சர்" என்றார் அண்ணாச்சி. அவர் கண் முத்துலட்சுமியின் பக்கம் போனது. "அந்தப் புள்ள கெடக்க முடியுமா?"

அதற்குத்தான் நான் இறங்கி வந்தேன். வேறு எதற்கும் அல்ல. நான் தடுத்தாலும் யாராவது எனக்குத் தெரியாமல் பறித்து அவளுக்கு அவித்துக் கொடுத்துவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரிந்தது. "அப்படின்னா நான் சோதிச்சுச் சொல்லுதேன். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது" என்றேன்.

யார் நாக்கு?

அதிலும் ஒரு சண்டை. இந்த ஊரில் பதம் பார்க்கிற நாக்கு தன்னுடையது என்றார் அண்ணாச்சி. வெளியூரிலிருந்து வந்த பொம்பிளையை விஷம் தின்ன வைத்துவிட்டுத் தான் கரண்டியைப் பிடித்து நிற்பதா என்று கேட்டார். குரல் கம்மிவிட்டது அவருக்கு.

"ஒங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு, மாத்திரையும் தண்ணியோட போச்சு. எனக்குக் காய்ச்சல்கூட வந்ததில்ல" என்றேன். கிரேஸ் அழுதாள். நான் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் பிள்ளையும் இல்லை குட்டியும் இல்லை, அந்த மாடியில் இதற்குச் சரியான ஆள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இலையில் பால் வடியவில்லை. வாடையும் இல்லை. முழங்கையில் தேய்த்தேன், ஒன்றுமில்லை. அப்புறம்தான் உதட்டுக்கு வந்தது. நான் முதலில் சொன்ன காட்சி அதுதான்.

பச்சை இலையை நாக்கில் வைப்பது என் மனசுக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்ததால், அதற்கு மட்டும் ஒரு துண்டை அவித்துத் தரச் சொன்னேன். அண்ணாச்சி அவித்துக் கொண்டுவந்தார். நுனிநாக்கில் வைத்தேன். சுரீர் என்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துப்பிவிட்டு, "எரியுது, எரியுது" என்றேன். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. யாரோ ஜெபிக்க ஆரம்பித்தார்கள்.

அண்ணாச்சி மட்டும் தலையைச் சொறிந்தார்.

"அது எலை இல்ல டீச்சர். கொஞ்சோல உப்பும், ரெண்டு வத்தலும் கிள்ளிப் போட்டேன்."

"எதுக்குப் போட்டிய?"

"உப்பு ஒறப்பு இல்லாம எப்படிப் பதம் பாப்பிய? சப்புன்னுல்லா இருக்கும்?"

விஷம் இருக்கிறதா என்று பார்க்கிற இலைக்கு உப்பும் உறைப்பும் பார்த்துப் போட்ட மனுஷன் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். எனக்கு வந்த கோபம் சிரிப்பாக மாறிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். பசியில் சிரித்தால் வயிறு வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஆனால் அந்த வற்றலால் சோதனையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. எரிச்சல் அடங்கும்வரை நாக்கை நம்ப முடியாது. அரைநாள் வீணானது. பிள்ளைகள் முனக ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணாச்சி யார் முகத்தையும் பார்க்காமல் மழைத்தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டே இருந்தார்.

அந்தச் சாயங்காலம் முத்துலட்சுமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெந்நீர் டம்ளர் கையில் இருந்தது. குழந்தை காம்பைக் கவ்வுவதும் விட்டுவிட்டு அழுவதுமாக இருந்தது.

"டீச்சர், எனக்கு மட்டும் ஒரு கை அவிச்சுத் தாங்க. நான் ஆருட்டயும் சொல்லமாட்டேன். எனக்கு ஒண்ணு ஆனாலும் ஆவட்டும், பாலு ஊறுனாப் போதும்."

"நீ தின்னது பால்ல எறங்கும் முத்து. ஒனக்கு ஆனா அவனுக்கும் ஆவும்."

அவள் குழந்தையின் நெற்றியைத் துடைத்தாள். பிறகு வெந்நீரைக் குடித்துவிட்டுப் பைய எழுந்து போனாள். முப்பது வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளை நான் பெயிலாக்கியிருக்கிறேன். எந்தப் பிள்ளைக்கும் முடியாது என்று சொன்னது எனக்கு அப்படி வலித்ததில்லை.

உச்சி வரைக்கும்

மறுநாள் விடியும்போது உதடு, நாக்கு, மென்று துப்பியது எல்லாமே தாண்டிவிட்டேன். எங்கேயும் ஒரு அரிப்புகூட இல்லை. இலேசான கசப்பு, அவ்வளவுதான். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அவித்த இலையில் ஒரு சிட்டிகையை விழுங்கினேன். இந்த முறை உப்பு இல்லை, வற்றல் இல்லை. "உச்சிப் பொழுது வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆவலைன்னா எல்லாரும் தின்னலாம்" என்றேன்.

இதற்கிடையில் இளவட்டங்கள் கிளையைப் பாதி மொட்டையடித்திருந்தார்கள். அண்டா நிறைய இலை வெந்துகொண்டிருந்தது. பச்சை வாசம் மாடி முழுக்கப் பரவியது. அசனத் தட்டுகளை யாரோ இறக்கிக் கழுவிவிட்டார்கள்.

வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. எனக்கு எதுவும் ஆகவில்லை. நேரம் போகப் போகக் கூட்டம் முறுக்கிக்கொண்டது.

"நல்லாத்தான இருக்காவ. இன்னும் என்னத்துக்குக் காக்க வைக்குதாவ?" என்றார் ஒருவர். இன்னொருவர் தட்டோடு அடுப்படிக்கே வந்துவிட்டார். பின்னால் இரண்டு மூன்று பேர். அண்ணாச்சி கரண்டியைக் கையில் எடுத்தார். என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். அவர் மனசு அசைந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் எழுந்து வாதாடலாம் என்றால், பசியில் எனக்குக் குரலே வரவில்லை.

முத்துலட்சுமி எழுந்து வந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அண்டாவுக்கு முன்னால் அப்படியே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"டீச்சர் உச்சி வரைக்கும்னு சொன்னாவ. உச்சி வரைக்கும் இருப்போம்."

"ஏளா, ஒன் பிள்ளைக்குத்தான பாலு வேணும்?" என்றார் தட்டோடு நின்றவர்.

"அதனாலதான் சொல்லுதேன்."

அவ்வளவுதான் அவள் பேசினது. தட்டோடு வந்தவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி கரண்டியை ஆணியில் மாட்டினார்.

வெந்த அண்டா நடுவில். சுற்றிலும் பசித்த ஊர். கையை நீட்டினால் எட்டும். ஒருவர்கூட நீட்டவில்லை. இதைத்தான் நான் பெருமை என்கிறேன். இலையை உதட்டில் ஒட்டிக்கொண்டது பெரிய காரியமே இல்லை, அதற்கு ஒரு ஆள் போதும்.

அண்டா கவிழ்ந்தது

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் தொண்டையில் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. பயம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நாபியைச் சுற்றி ஒரு முறுக்கு. வாயில் தண்ணீராக ஊறியது.

"நேத்து வத்தல்தான் டீச்சர், இன்னும் கெடக்குபோல" என்று ஒரு அம்மா சொன்னார். பாவம், அது வற்றலாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை. எனக்கும்தான். கம்பியைப் பிடித்து எழுந்து நிற்பதற்குள் வாந்தி எடுத்துவிட்டேன். அப்புறம் அது நிற்கவே இல்லை. ஒரு சிட்டிகைக்கு அந்தப் பாடு.

என் தலையைக் கிரேஸ் பிடித்துக்கொண்டாள். கண் இருட்டியது. ஆனாலும் அண்ணாச்சி செய்ததைப் பார்த்தேன். அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. துண்டை அண்டாவின் காதில் சுற்றினார். தட்டோடு வந்தவர் அடுத்த காதைப் பிடித்தார். இரண்டு பேரும் தூக்கிக் கம்பிக்கு வெளியே கவிழ்த்தார்கள். அத்தனை இலையும் ஆவியோடு கலங்கல் தண்ணீரில் விழுந்து, பச்சையாகக் கொஞ்ச தூரம் மிதந்து போனது. பிள்ளைகள்கூட அழவில்லை.

அந்த மரம் எதுவென்று பின்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. உடம்பு தேறிய பிறகு ஒரு கொப்பைக் கொண்டுவந்து விவரம் தெரிந்தவர்களிடம் காட்டினேன். பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால், அதைத் தவிர மற்ற இலையெல்லாம் தின்னலாம் என்று உங்களில் யாராவது நினைத்துவிடுவீர்கள். நட்டுவிட்டுப் போன ஐயரையும் யாரும் குறை சொல்லவில்லை. அவர் நிழலுக்குத்தான் வைத்தார், நிழல் நன்றாகத்தான் தருகிறது. "கோயில் வளவுக்குள்ள விஷத்தையா நட்டுட்டுப் போவாவ?" என்று கேட்ட அம்மா மட்டும் அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அன்று மத்தியானத்துக்கு மேல், வாழைத் தோட்டம் இருந்த பக்கமாக இன்ஜின் சத்தம் கேட்டது. புன்னக்காயல் மீனவர்கள். ஆறு கடலில் சேருகிற இடத்திலிருந்து, வெள்ளத்தை எதிர்த்து, தங்கள் வள்ளங்களை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிட்டிருக்க முடியாது, கூப்பிடுவதற்குப் போன் இல்லை. அவர்களாகத்தான் கிளம்பி வந்தார்கள். வள்ளத்தில் பன்னும் வாழைப்பழமும் தண்ணீர் பாட்டில்களும் இருந்தன. முதல் பன்னும் பழமும் முத்துலட்சுமியின் கைக்குத்தான் போயின.

முதல் வள்ளத்தில் நின்றவர் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சொகமில்லாதவங்க எத்தன பேரு? அவங்கள மொதல்ல ஏத்தணும். வார வழியில ஒரு எடத்துல கண்டதத் தின்னுட்டு பாதிச் சனம் சுருண்டு கெடக்கு."

தங்கராஜ் அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அசனப் பந்தியில் கடைசி வரிசைவரை கேட்கிற அந்தக் குரல் மறுபடியும் வந்துவிட்டது.

"ஒரே ஒரு ஆளுதான் வே. எங்க டீச்சரு."

தரையில் துவண்டு கிடந்த எனக்கு, சால்வை போட்ட அன்றுகூட அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. எழுந்து நிற்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கி என்னை வள்ளத்தில் படுக்க வைத்தார்கள்.

"கைப்பிள்ளக்காரி ஒருத்தி இருக்காளாமே, அவளும் வரட்டும்" என்றார் வள்ளக்காரர். "சீக்கிரம் வரச் சொல்லுங்க, இருட்டுமுன்ன இன்னும் ரெண்டு ஊருக்குப் போவணும்."

முத்துலட்சுமி வரவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அண்டா இருந்த இடத்திலேயே, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் முந்தானைக்குக் கீழே இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன. அவை உதைக்கவில்லை. அழுகை இல்லை.

அண்ணாச்சி வள்ளக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"செத்த நேரம் பொறும் வே. பிள்ள பாலு குடிக்கான்."

வள்ளக்காரர் இன்ஜினை அணைத்தார். அந்த அமைதியில், குழந்தை விழுங்குகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.